தற்செயல் கப்பல்

எங்கள் ஊருக்கு டிசம்பர் முதல் வாரத்தில் கப்பல்கள் வரும். ஏழாயிரம் அடி ஏறி, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் திரும்பி, விண்ணப்பம் போட்டவர்களின் வீட்டு வாசலில் வந்து நிற்கும். முதல் முறையாகக் கடலில் போகிறவர்களை அவர்கள் வீட்டில் வைத்துப் பார்த்த பிறகே ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி. கப்பல் வருகிற நாளில் தெருவில் யாரும் துணி காயப்போடுவதில்லை. ஒருவர் வந்து மின்கம்பிகளை மூங்கிலால் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

சென்ற வருடம் நாங்களும் விண்ணப்பம் போட்டோம். நாங்கள் என்றால் நானும் தனபாக்கியம் அக்காவும். அவர் என் ஓரகத்தி. அவருடைய கணவர் பரமகுரு மூத்தவர், என் கணவர் சிவகுரு இளையவர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கேரட் லாரி ஓட்டினார்கள். மூத்தவர் போய் ஆறு வருடம் ஆகிறது, இளையவர் போய் மூன்று வருடம். அதன் பிறகும் நாங்கள் இருவரும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். நான் அந்த வீட்டுக்கு வாழ வந்து இருபத்தொன்பது வருடம் முடிந்துவிட்டது.

குளிர்காலத்தில் அக்காவின் முழங்கால்கள் பூட்டிக்கொள்ளும். விண்ணப்பம் போட்ட அதே வருடம் பிப்ரவரியில் நாற்காலியில் உட்கார்ந்தவர் பத்தொன்பது நாள் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு, தூக்கம் எல்லாம் நாற்காலியில்தான். மார்ச் மாதம் வெயில் வந்த பிறகு ஒரு நாள் சத்தத்தோடு திறந்தன. இன்னொரு குளிர்காலம் இப்படிப் போனால் மார்ச்சிலும் திறக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெயில் உள்ள கடலுக்குப் போய் வரச் சொன்னார். தூத்துக்குடியில் இருக்கும் அக்காவின் மகள் தமயந்தி ஒவ்வொரு நவம்பரிலும் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு முறையும் அக்கா, "அங்க தண்ணி உப்புடி" என்று போனை வைத்துவிடுவார். ஆகவே கப்பல்தான் வழி என்று நான் முடிவு செய்தேன்.

முதலில் வந்தது சம்பிரதாயக் கப்பல். வெள்ளை வெளேரென்று இருந்தது. வாசலில் நின்று மூன்று முறை தொண்டையைச் செருமிவிட்டுப் புகைபோக்கி வழியாகப் பேசியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பட்டுப்புடவை கட்ட வேண்டும், கரண்டியை இடது பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும், சிரிக்கும்போது பல் தெரியலாம், ஈறு தெரியக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம்.

"நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் என்ன வேண்டும்?" என்று கேட்டது.

"ஓரகத்தி" என்றேன்.

கப்பல் தன் பட்டியலைப் பார்த்தது. நாற்பத்தோரு உறவுகள் இருந்தன. மனைவி இருந்தது, மைத்துனி இருந்தது, வளர்ப்பு நாய்கூட இருந்தது.

"அந்தச் சொல் எங்களிடம் இல்லை. விளக்க முடியுமா?"

விளக்கினேன். அண்ணன் மனைவி, தம்பி மனைவி என்றேன். அந்த அண்ணனும் தம்பியும் எங்கே என்று கேட்டது. இல்லை என்றேன்.

"அப்படியானால் நடுவில் இருந்த இருவரும் இல்லை" என்றது கப்பல். "ஆகவே நீங்கள் ஒருவருக்கொருவர் ஒன்றுமில்லை."

நான் முப்பது வருடம் அரசுப் பள்ளியில் எழுத்தராக இருந்தவள். அப்பா பெயர் தெரியாத பிள்ளைக்கும், மூன்று அம்மா உள்ள பிள்ளைக்கும் சேர்க்கைப் பதிவேட்டில் இடம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவரையும் ஒன்றுமில்லை என்று எழுதியதில்லை. இதைக் கப்பலிடம் சொன்னேன். அது மரியாதையாக ஒரு முறை ஊதிவிட்டுப் பின்னோக்கியே மலை இறங்கியது. போகும்போது எங்கள் வீட்டு மதிலில் வெள்ளைச் சாயத்தைத் தேய்த்துவிட்டுப் போனது. அதற்கு இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை.

இரண்டாவது வந்தது குடும்பக் கப்பல். அது மிகப் பெரியது. அதன் முன்பகுதி மட்டுமே எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. மீதி அடுத்த பள்ளத்தாக்கில் நின்றது. பதினொரு நீச்சல் குளங்கள் இருப்பதாகச் சொல்லியது. எங்களை ஆன்டி என்று கூப்பிட்டது.

"ஓரகத்தி எல்லாம் பிரச்சினையே இல்ல ஆன்டி" என்றது. "அவங்களால நடக்க முடியாது, நீங்க பாத்துக்கறீங்க. அவ்வளவுதானே? அவங்களைப் பயணின்னு போட்டுக்கலாம். உங்களை உதவியாள்னு போட்டுக்கலாம்."

"உதவியாளுக்குச் சாப்பாடு உண்டா?" என்று அக்கா கேட்டார்.

"உண்டு ஆன்டி. பின்னாடி தனி வரிசை."

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அக்கா நாற்காலியில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"எழுதிட்டுப் போகட்டுமேடி மங்கை. எழுத்துதானே?"

என் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. எழுத்துதானே என்று முப்பது வருடம் எழுத்தராக இருந்தவளிடம் சொல்கிறார். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் என்னைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டு அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. வாசலுக்கு வந்து, எங்களுக்கு வேண்டாம் என்று கப்பலிடம் சொல்லி அனுப்பினேன். அதன் முன்பகுதி போன பிறகும், பள்ளத்தாக்கில் நின்ற பின்பகுதி திரும்பிப் போக ஒன்றரை நாள் ஆனது. அவ்வளவு நேரமும் எங்கள் வீட்டில் வெளிச்சமே இல்லை.

மூன்றாவது கப்பல், வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. அதற்கு நான்கு நாள் கழித்து நான் கொடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தபோது தெருமுனையில் சாவகாசமாக வந்தது. சின்னக் கப்பல். நீல வண்ணம் அங்கங்கே உரிந்திருந்தது. எங்கள் வீட்டைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்தது.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்றது.

அதுதான் தற்செயல் கப்பல். தற்செயல் விடுப்பு எனக்குத் தெரியும், வருடத்துக்குப் பன்னிரண்டு நாள். தற்செயல் கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேனே தவிரப் பார்த்ததில்லை. பட்டு வேண்டியதில்லை. கரண்டியை எந்தப் பக்கத்திலிருந்தும் எடுக்கலாம். உறவுப் பட்டியல் எதுவும் அதனிடம் இல்லை. எனக்கு முதல் முறையாக நிம்மதி வந்தது.

"ஒரே ஒரு நிபந்தனைதான்" என்றது கப்பல். "எங்கிட்ட வர்றவங்க யாருக்கும் யாரையும் தெரிஞ்சிருக்கக் கூடாது. தெரிஞ்சவங்க சேந்து வந்தா அது ஏற்பாடு ஆயிடும். தற்செயல் ஆகாது."

"கப்பல்ல ஏறின பிறகு பழகலாமா?"

"அது உங்க பாடு. முன்னாலயே தெரிஞ்சிருந்தது தெரிய வந்தா, அடுத்து வர்ற கரையில ரெண்டு பேரையும் இறக்கிடுவேன். கரை எதுவா இருந்தாலும் சரி."

இரண்டு தாள்களை நீட்டியது. 'மேற்படி நபரை எனக்கு முன்பின் தெரியாது' என்று அச்சடித்திருந்தது. முதல் கப்பல் நாங்கள் ஒன்றுமில்லை என்றது. இரண்டாவது என்னை வேலைக்காரி என்றது. இது அந்தப் பொய்யை என் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொல்கிறது. நான் பேனாவை வைத்துவிட்டேன்.

அக்கா தன் தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். கொட்டை கொட்டையாக, ஒரு எழுத்தும் நடுங்காமல்.

"கொஞ்சங்கூட யோசிக்கலையேக்கா" என்றேன்.

"யாருங்க நீங்க?" என்றார் அக்கா.

இருபத்தொன்பது வருடத்தில் அவர் என்னை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் முறை. நான் அவருடைய முழங்கால்களைப் பார்த்தேன். இரண்டு கம்பளிக்குள்ளும் அவை பூட்டத் தொடங்கியிருந்தன. கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி இரண்டாம் தேதி கால்பந்து மைதானத்திலிருந்து கப்பல் புறப்பட்டது. அக்காவை ஏற்றிவிட ஆள் இல்லை. நான் ஏற்றிவிட்டால் தெரிந்துவிடும். ஆகவே நான் படியில் நின்று என் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன், அவர் தற்செயலாக என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வாசலில் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். பிடித்தது, பிடிக்காதது, வழக்கமாகச் சாப்பிடுவது, படுப்பது, பயப்படுவது, அழுவது, எதையும் மறைக்காமல் எழுத வேண்டும். சமையல்கட்டுக்காக என்றார்கள். எழுதி, ஒட்டி, பெட்டியில் போட்டோம். பதினான்கு வளைவுகளையும் இறங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடலைச் சேர்ந்தோம்.

வெயில் நன்றாக இருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. இரண்டாம் நாள் அக்காவின் வலது முழங்கால் திறந்தது, மூன்றாம் நாள் இடது. அவர் மேல்தளத்தில் கம்பியைப் பிடிக்காமல் நடந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடிக்க நினைத்தேன். ஆனால் நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

கப்பலில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். என் சாப்பாட்டு மேஜையில் நாகர்கோவிலைச் சேர்ந்த ஒரு பல் டாக்டர் இருந்தார். எதிர் மேஜையில் அவர் மனைவி. எட்டு நாள் பயணத்தில் ஆறாம் நாள் சந்திக்கலாம் என்று இருவரும் தனித்தனியாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா அப்படி எதையும் எதிர்பார்க்கவில்லை. முதல் நாளே நான்கு பெண்களோடு பழகிவிட்டார். தாயம் விளையாடினார். தொப்பி வைத்துக்கொண்டார். அந்த நான்கு பேரில் ஒருத்திக்குத் தலை பின்னிவிட்டார். வீட்டில் எனக்குத் தலைவலி என்றால் தைலம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்வதோடு சரி. என்னைத் தாண்டிப் போகும்போது, தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு ஒன்று சிரிப்பார். அதில் நடிப்பே இல்லை. நிபந்தனைப்படி நடப்பது வேறு, அதை இவ்வளவு சந்தோஷமாகச் செய்வது வேறு. மூன்று நாள் நான் தனியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலையில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"இங்க யாராச்சும் உக்காந்திருக்காங்களா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். வெயிலுக்குக் காலை நீட்டினார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். அட, நானும் அந்த ஊர்தான் என்றார்.

"வீட்ல யார் இருக்காங்க?" என்றேன்.

"ஓரகத்தி ஒருத்தி இருக்கா. நல்லவதான். ஆனா எதுக்கெடுத்தாலும் கோவம். கேஸ் சிலிண்டர் ஒரு நாள் தள்ளி வந்தா மூணு பக்கத்துக்குப் புகார் எழுதுவா. அவ எழுதறப்ப வீட்ல மூச்சு விட முடியாது."

"மூணு பக்கம் எழுதற அளவுக்கு அவங்களுக்கு என்ன கஷ்டமோ" என்றேன்.

"அதைத்தான் நானும் நினைப்பேன்" என்றார் அக்கா. "உங்க வீட்ல?"

"எங்க வீட்லயும் ஓரகத்திதான். மூத்தவங்க. அவங்களுக்குப் பத்தொன்பது நாள் நாற்காலியிலயே எல்லாம் பாத்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லா இருடின்னு ஒரு வார்த்தை சொல்லலை."

அக்கா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லத் தெரியாதவங்களா இருப்பாங்க, பாவம்" என்றார். "எனக்கும் ஒரு பொண்ணு தூத்துக்குடியில இருக்கா. குளிர்காலத்துக்கு வாம்மான்னு உசுரை விடறா. நல்ல வெயில். என் காலுக்கு அதுதான் சரி. தண்ணி உப்புன்னு சொல்லிட்டு இருந்துட்டேன். அந்த ஊர்ல தண்ணி நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் போகலை?"

"ஓரகத்தி தனியா இருந்தா சமைக்க மாட்டா. அவ புருஷன் தவறின வருஷம் நான் ஒரு வாரம் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தேன். வந்து பாத்தா அடுப்பு மேல சிலந்தி கூடு கட்டியிருக்கு. ஏழு நாளும் பன்னும் டீயும். என்னடி சாப்பிட்டேன்னு கேட்டா, சாம்பார் வச்சேங்கறா."

"அதை அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே? உனக்காகத்தான் இருக்கேன்னு?"

"எதுக்கு? அதுக்கும் மூணு பக்கம் எழுதுவா."

எனக்குக் கோபம் வந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் நாலாம் நாள் சொல்ல முடிந்ததை, ஒரே அடுப்பில் சமைக்கிற என்னிடம் மூன்று வருடமாகச் சொல்லவில்லை. மூன்று குளிர்காலம் முழங்காலைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அதற்கு நான் காரணம் என்பது எனக்கே தெரியாது. நான் எழுந்து நின்றேன்.

"அக்கா!" என்று கத்தினேன்.

தளத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். கப்பல் நின்றது.

"பத்தொன்பதாம் நாற்காலி" என்று புகைபோக்கி பேசியது. "குரல்ல முன்பழக்கம் தெரியுதே."

"ஆமாம்" என்றேன். "எனக்கு இவங்களைத் தெரியும். இருபத்தொன்பது வருஷமாத் தெரியும். எழுதிக் கொடுத்தது பொய். எங்க வேணும்னாலும் இறக்கிக்கோ."

"உக்காருங்க" என்று அக்கா என் புடவையை இழுத்தார். "வெயில் தலைக்கேறிடுச்சு இவங்களுக்கு."

இடது பக்கத்தில் ஒரு கரை தெரிந்தது. அதில் ஒரு மரமும் ஒரு கொக்கும் மட்டும் இருந்தன. கப்பல் அவசரப்படவில்லை. விசாரணை இல்லாமல் யாரையும் இறக்குவதில்லை என்றது. நாங்கள் எழுதிப் போட்ட இரண்டு அட்டைகளையும் எடுத்து வரச் சொன்னது. ஓர் ஊழியர் கொண்டு வந்து பிரித்தார்.

"தெரியும்னு சொல்றீங்க. அவங்க டீக்கு எத்தனை சர்க்கரை?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு மூன்று முறை கலந்து கொடுக்கிறேன்.

"ஒன்றரை ஸ்பூன்."

ஊழியர் அட்டையைப் பார்த்தார். "சர்க்கரை பிடிக்காது. கொடுத்தால் குடிப்பேன்" என்று வாசித்தார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பல் அக்கா பக்கம் திரும்பியது. "இவங்களுக்குப் பிடிச்ச பலகாரம் எது?"

அக்கா என்னைக் காப்பாற்றத் தவறாகத்தான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. நான் கத்திய பிறகு அவருக்கும் பிடிவாதம் வந்துவிட்டது.

"அதிரசம்" என்றார். "தெரியாம என்ன? இருபத்தொன்பது தீபாவளிக்கு இந்தக் கையாலதான் சுட்டுப் போடறேன்."

ஊழியர் என் அட்டையை வாசித்தார். "பிடித்தது, ரவா லட்டு. பிடிக்காதது, அதிரசம்."

"அப்ப டப்பாவை எல்லாம் காலி பண்ணது யாரு?" என்றார் அக்கா.

"பள்ளிக்கூடத்துல வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன்" என்றேன்.

கப்பல் இன்னும் ஆறு கேள்விகள் கேட்டது. அவர் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், எனக்கு எந்தப் பூ, அவருக்கு எதற்குப் பயம், நான் எதற்கு அழுவேன். எல்லாவற்றுக்கும் இருவரும் உண்மை என்று நம்பியதையே சொன்னோம். எல்லாமே தவறு. அக்காவுக்குப் பல்லி என்றால் பயம் என்று நான் சொன்னேன். 'மங்கை தன் தம்பி வீட்டுக்குப் போய்விடுவாளோ என்று' என்று அட்டையில் இருந்தது. மங்கை என்பது யார் என்று கப்பல் கேட்கவில்லை. அது அதனுடைய விசாரணைக்கு உட்பட்டதல்ல.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது" என்று தீர்ப்புச் சொன்னது. "தாராளமா இருங்க."

கப்பல் மறுபடி புறப்பட்டது. கரை பின்னால் போனது. கொக்குக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றுமில்லை என்று முதல் கப்பல் சொன்னபோது அதை மதிலோடு விட்டுவிட்டு வர முடிந்தது. இந்தக் கப்பல் சாட்சியும் ஆவணமும் வைத்து நிரூபித்துவிட்டது. நான் மேல்முறையீடு எழுதத் தாள் கேட்டேன். தற்செயல் கப்பலில் தாள் கிடையாது என்றார்கள். யாரிடமாவது இருந்தால் உண்டு.

அக்காவின் தோழிகள் நால்வரும் தாயத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. ரொம்ப நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"உங்க பேர் என்ன?" என்று கேட்டார்.

"மங்கையர்க்கரசி."

"நல்ல பேர். முழுசா கூப்பிட்டதே இல்லை" என்றார். பிறகு, "எனக்குத் தனபாக்கியம். டீ குடிக்கப் போலாமா?"

மீதி நான்கு நாளும் பழகினோம். அவர் வலது பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், பல்லியைக் கையால் பிடிப்பார், சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியிருக்கிறார். நான் எதற்கு அழுவேன் என்று அவர் கேட்டார். சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, அதற்கு அழ வேண்டியதுதான் என்றார். ஆறாம் நாள் பல் டாக்டரும் அவர் மனைவியும் சந்தித்தார்கள். இருவருக்கும் ஒத்துவரவில்லை. நாங்கள் ஆளுக்கொருவரைச் சமாதானப்படுத்தினோம்.

ஒன்பதாம் நாள் காலை கப்பல் எங்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டது. அதற்கு மேல் போக முடியாது என்றது. மலை இல்லை. பெட்ரோல் பங்குக்குப் பின்னால் மலை தொடங்குகிற இடத்திலிருந்து வானம் மட்டும் இருந்தது.

சாலையில் ஒரு போக்குவரத்துக் காவலர் நின்றிருந்தார். அவரிடம் கேட்டோம்.

"கடலைப் பார்க்கணும்னு போயிருக்கும்மா. செவ்வாய்க்கிழமை போச்சு. வீடுகளை எல்லாம் பதனமா இறக்கி வச்சிட்டுத்தான் போச்சு. நீங்க எந்தத் தெரு?"

சொன்னோம். அவர் கையால் காட்டினார். சோளக்காட்டைத் தாண்டி, எங்கள் தெரு வரிசையாக உட்கார்ந்திருந்தது. எங்கள் வீடு தெற்கே பார்த்திருந்தது.

"தெற்கு வாசல். காத்து வரும்" என்றார் தனபாக்கியம் அக்கா. தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வரப்பில் இறங்கி முன்னால் நடந்தார்.